முழுக் கொடுவாவை இத்தாலி முறையில் வைக்க வேண்டும், ஓவன் இல்லை: யோசனை சொல்லுங்கள்

வாவிக்கரை, கல்லடி

எல்லோருக்கும் வணக்கம். சுவிஸில் இருந்து கணவரின் அண்ணன் குடும்பம் வருகிறது. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடியும் வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு இரவு நல்ல மீன் சாப்பாடு வேண்டும் என்று அண்ணி இப்போதே சொல்லிவிட்டார். போகிற வீடெல்லாம் அவர்களுக்கு மீன் குழம்பும் பொரியலும் இறால் வறுவலும்தான் கிடைக்கப்போகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் உறைப்பைக் கண்டாலே ஓடுவார்கள்.

அதனால் இத்தாலி, கிரேக்கம் பக்கம் செய்வதுபோல முழு மீனைத் தக்காளி, உள்ளி, ஒலிவ் எண்ணெயோடு வேகவைத்து, நீளத் தட்டில் தலையும் வாலுமாக மேசைக்குக் கொண்டுபோக ஆசை. பார்க்கவும் எடுப்பாக இருக்க வேண்டும். யூடியூப்பில் எல்லாரும் மீனைத் தூக்கி ஓவனுக்குள் வைக்கிறார்கள். என்னிடம் இருப்பது இரண்டு அடுப்புள்ள காஸ் குக்கர், பெரிய அலுமினியத் தாச்சி, மூடியோடு அகலமான நொன்ஸ்டிக் சட்டி ஒன்று, பிறகு மண்சட்டிகள். வாவிக் கொடுவா ஒன்றரைக் கிலோ அளவில் சொல்லிவைத்தால் கிடைக்கும். பெரியவர்கள் நாலு பேர், சின்னவர்கள் இரண்டு பேர். ஒலிவ் எண்ணெய் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. தேங்காய் எண்ணெயில் செய்தால் என்ன? கேப்பர்ஸ், பார்ஸ்லி எல்லாம் கட்டாயமா?

ஊறணியான்

தூள் இல்லை, புளி இல்லை, வெறும் தக்காளியில் மீனா? வெடுக்கு அடிக்கும் தங்கச்சி. சுவிஸில் சாப்பிடுகிற சாப்பாட்டையே இங்கேயும் சாப்பிடவா அவ்வளவு காசு கொடுத்து ரிக்கற் எடுத்து வருகிறார்கள்? முதற்பால் விட்டு ஒரு சொதி வையுங்கள். பிள்ளைகளும் சாப்பிடுவார்கள், நீங்களும் நிம்மதியாக இருக்கலாம்.

பொத்துவில் அடுப்படி

அக்கா, ஊறணி அண்ணன் சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அறுகம்பே பக்கம் ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறேன். இத்தாலிக்காரர் வந்து உட்கார்ந்தால் கேட்கிற முதல் மீன் சாப்பாடு நீங்கள் நினைப்பதுதான். பெயர் ஆக்குவா பாத்சா. நேப்பிள்ஸ் பக்கத்து மீனவர்களின் சமையல். 1960களில் காப்ரித் தீவுக்கு வந்துபோன உல்லாசப் பயணிகளால்தான் அது பெரிய உணவகங்களுக்குள் ஏறியது. அதற்கு ஓவன் தேவையே இல்லை. எங்கள் புளியாணத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மெல்லிய புளிப்புத் தண்ணீரில் மீன், அவ்வளவுதான். புளிக்குப் பதில் தக்காளி, தூளுக்குப் பதில் எண்ணெய்.

முதலில் மீனின் அளவு. ஒன்றரைக் கிலோ மீனை வாங்காதீர்கள், எந்த வீட்டுச் சட்டிக்குள்ளும் அது நீளமாகப் படுக்காது. 750, 800 கிராம் அளவில் இரண்டு எடுங்கள். இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி, இரண்டு மீன். முழு மீனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் சதை தேறும். ஆறு பேருக்குப் பாணும் ஒரு சலாதும் கூட இருந்தால் போதும்.

ஒரு மீனுக்குக் கணக்குச் சொல்கிறேன். செதிள், பூ (செவுள்), குடல் எடுத்து, முதுகெலும்பை ஒட்டி உள்ளே கறுப்பாகக் கிடக்கும் இரத்தத்தை விரல் நகத்தால் சுரண்டிக் கழுவுங்கள். அண்ணன் சொல்லும் வெடுக்கில் பாதி அந்த இரத்தத்தில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு கீறல், எலும்பு தட்டும் வரை. ஒரு தேக்கரண்டி உப்பு உள்ளும் புறமும் தடவி 20 நிமிடம் வையுங்கள். பிறகு ஊறிய தண்ணீரைத் துணியால் நன்றாக ஒற்றி எடுத்துவிடுங்கள். கழுவக் கூடாது.

சட்டியில் 60 மில்லி லீற்றர் எண்ணெய். நசுக்கிய உள்ளி நாலு பல்லைக் குறைந்த நெருப்பில் போட்டுப் பொன்னிறம் வரும்போது எடுத்து எறியுங்கள். கறுத்தால் சாறு முழுக்கக் கசக்கும். சின்ன நாட்டுத் தக்காளி கால் கிலோவை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, மூன்று நிமிடம் தொடாமல் விடுங்கள். 350 மில்லி லீற்றர் தண்ணீர். இப்போது நெருப்பைக் கூட்டி ஐந்து நிமிடம் கொதகொதவென்று கொதிக்க வேண்டும். முக்கியமான இடம் இது. மெல்லக் கொதித்தால் எண்ணெய் மேலே தனியாக மிதக்கும், தட்டில் ஊற்றினால் அசிங்கமாக இருக்கும். அடித்துக் கொதித்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்து இளஞ்சிவப்பாகக் கலங்கும். மீன் இறங்கியதும் தோலிலும் எலும்பிலும் இருந்து வரும் பசை அதைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளும்.

மீனை வைத்து, மூடியை அரைவாசி திறந்து, கொதியைக் குறைத்து 10 முதல் 12 நிமிடம். இடையிடையே அகப்பையால் சாற்றை அள்ளி மேலே ஊற்றுங்கள். புரட்டவே வேண்டாம், தோல் கிழிந்துபோகும். முதுகுச் செட்டையைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பில்லாமல் கையோடு வர வேண்டும். வந்தால் உடனே நெருப்பை நிறுத்துங்கள். மேலே கொஞ்சம் பச்சை ஒலிவ் எண்ணெய், இலை. முடிந்தது.

அலுமினியத் தாச்சி வேண்டாம். தக்காளிப் புளிப்பு அலுமினியத்தைக் கரைக்கும், சாற்றில் உலோக ருசி ஏறும். நொன்ஸ்டிக் ஒன்று, அகலமான மண்சட்டி ஒன்று போதும். மண்சட்டி சூடு இறங்க நேரமெடுக்கும் என்பதால் அதை ஒரு நிமிடம் முன்னதாக நிறுத்துங்கள்.

காத்தநகர் காக்கா

தம்பி நல்லாச் சொன்னீர். ஆனால் ஒரு கேள்வி. மத்தியதரைக் கடல் என்றால் இத்தாலி மட்டுமா? அந்தக் கடலின் மற்றக் கரையில் லெபனான் இருக்கிறது, சிரியா, எகிப்து, துனிசியா, மொரோக்கோ இருக்கிறது. நான் கட்டாரில் இருந்த காலத்தில் லெபனான்காரர்களோடு குசினியில் நின்றவன். அவர்கள் திரிபோலி பக்கத்து சம்கே ஹர்ரா செய்தால் மேசையில் எலும்புதான் மிஞ்சும்.

முழு மீனின் வயிற்றுக்குள் மல்லியிலை, உள்ளி, கொச்சிக்காய், கொட்டை எல்லாம் அரைத்து அடைப்பார்கள். மேலே எள்ளு அரைத்த தஹினியைத் தேசிப்புளியில் கரைத்து ஊற்றி, வறுத்த கொட்டை தூவுவார்கள். பைன் கொட்டைக்கு இங்கே கஜு இருக்கிறது. எள்ளும் மல்லியும் சந்தையில் இருக்கிறது. ஒலிவ் எண்ணெய் கொஞ்சம் போதும். தங்கச்சிக்குச் செலவும் குறைவு, பார்க்க ராசா வீட்டுச் சாப்பாடு. பிள்ளைகளுக்குக் கொச்சிக்காயை விட்டுவிடலாம், பெயரில்தான் உறைப்பு.

வாவிக்கரை, கல்லடி

காக்கா, தஹினி கடையில் வாங்கினால் போத்தல் விலை ஒலிவ் எண்ணெயைத் தோற்கடிக்கும் போல இருக்கிறதே. வீட்டில் அரைக்கலாமா?

காத்தநகர் காக்கா

தாராளமாக. வெள்ளை எள்ளு 200 கிராம், தோல் நீக்கினது. வெறும் சட்டியில் மெல்லிய நெருப்பில், நிறம் மாறுவதற்கு முன்னால் வாசம் வரும்போதே இறக்க வேண்டும். எள்ளுருண்டைக்கு வறுக்கிற அளவுக்குப் போனால் கசந்துவிடும். கிரைண்டரில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு ஓட ஓட அரைத்தால் இளகி வழியும்.

பிறகு தேசிப்புளி விடும்போது பயந்துவிடாதீர்கள். தஹினி சட்டென்று இறுகிச் சுண்ணாம்பு மாதிரி உருண்டு நிற்கும். பலபேர் அதைப் பழுது என்று நினைத்து ஊற்றிவிடுவார்கள். குளிர் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் தானாக இளகி வெள்ளையாகத் தயிர் பதத்துக்கு வரும். உப்பு, நசுக்கிய உள்ளி ஒரு பல். இதை மீனோடு கொதிக்கவிடக் கூடாது, திரிந்துவிடும். மீன் வெந்து தட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள்.

ஊறணியான்

எள்ளுப் பாலில் மீன். இனி என்னென்ன கேட்கப் போகிறேனோ.

பாலமீன்மடுத் தோணி

சமையல் எனக்குத் தெரியாது, மீன் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

கொடுவா நல்ல தெரிவு. ஆனால் எந்தத் தண்ணீரில் பிடிபட்டது என்று கேட்டு வாங்குங்கள். முகத்துவாரம் பக்கம், உப்புத் தண்ணீர் வந்து போகும் இடத்துக் கொடுவாவுக்குச் சேற்று வாசம் இருக்காது. வாவியின் உட்பக்கம், ஆறு வந்து விழும் இடங்களில் தண்ணீர் தேங்கி நிற்கிற காலத்தில் பிடிபட்டதில் சில நேரம் இருக்கும். மாரிவெள்ளம் இறங்கும் நாட்களிலும் அப்படித்தான். உங்கள் விருந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வருகிறது, கடலும் கிழக்கே அமைதியாக இருக்கும். அதனால் வாவி மீன்தான் என்று நிற்காமல் கடல் மீனையும் பாருங்கள். விளை மீன், சின்னக் கலவா இரண்டும் வெள்ளைச் சதை, தோல் கிழியாது. சூரை, கும்பளா இந்தச் சமையலுக்கு வேண்டாம். பாரையும் சின்னதாக இருந்தால் மட்டும்.

கண் குழி விழாமல் மேடாக, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். பூ இரத்தச் சிவப்பு. வயிற்றை அமத்தினால் விரல் தடம் நிற்கக் கூடாது. இன்னொன்று, விடியப் பிடித்துக் கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும் மீனை உடனே சூட்டில் போட்டால் வளைந்து எழும்பும். ஐஸில் வைத்து விறைப்பு விட்ட பிறகு சமையுங்கள். காலையில் வாங்கி இரவுக்குச் சமைப்பது சரியான இடைவெளி.

பொத்துவில் அடுப்படி

தோணி அண்ணன் சொன்ன சேற்று வாசத்துக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசியும் சில பக்டீரியாக்களும் உண்டாக்குவது. முதல் மழையில் மண் மணக்கிறதே, அதே சாமான்தான். புளிப்பு அதை உடைக்கும். அதனால்தான் எங்கள் ஆட்கள் தேசிக்காய், கொறுக்காய், புளி இல்லாமல் வாவி மீனைத் தொடுவதில்லை. ஊறணி அண்ணனின் புளி வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சாற்றில் தக்காளியும் கடைசியில் பிழியும் தேசிப்புளியும் அந்த வேலையைப் பார்க்கும்.

சாய்ந்தமருது மருமகள்

எண்ணெய்க் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே? நானும் அதற்காகத்தான் இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் ஒலிவ் எண்ணெய் என்று மலிவான போத்தல் ஒன்று இருக்கிறது. அதில் போமஸ் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பொத்துவில் அடுப்படி

போமஸ் என்பது ஒலிவைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையில் இருந்து கரைப்பான் விட்டு இறக்கிச் சுத்திகரித்த எண்ணெய். உடம்புக்குக் கெடுதல் என்று இல்லை, ருசி இல்லை. பொரிக்கலாம். இந்தச் சமையலுக்கு அதை வாங்குவதும் வெறும் சூரியகாந்தி எண்ணெய் வாங்குவதும் ஒன்று.

எக்ஸ்ட்ரா வேர்ஜின் என்றால் சுத்திகரிக்காமல் பிழிந்தது, அமிலம் 0.8 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். கால் லீற்றர் போத்தல் ஒன்று போதும். கறுத்த கண்ணாடிப் போத்தலாகப் பாருங்கள். கடை வாசலில் வெயில் படும் தட்டில் நின்ற போத்தலை இனாமாகத் தந்தாலும் வேண்டாம். மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது: ஆரம்பத்தில் உள்ளி வதக்க மணமில்லாத எண்ணெயும் ஒலிவும் பாதிப் பாதி, கடைசியில் மேலே விடுவது மட்டும் முழுக்க எக்ஸ்ட்ரா வேர்ஜின். வாசனை கடைசியில் விடுவதில்தான் இருக்கிறது.

தேங்காய் எண்ணெயில் செய்தால் மீன் நன்றாகவே இருக்கும். ஆனால் வாசம் வந்த உடனே அண்ணி "சொதியா?" என்று கேட்பார். நல்லெண்ணெய் இன்னும் மோசம், தக்காளியோடு சண்டை பிடிக்கும். காக்காவின் எள்ளு வழிக்குப் போனால் மட்டும் நல்லெண்ணெய்க்கு இடமுண்டு.

பார்ஸ்லி நுவரெலியாவில் இருந்து வரும், சூப்பர் மார்க்கட்டில் சில நாள் இருக்கும். இல்லையென்றால் செலரி இலை கொஞ்சம். மல்லியிலையைப் போட்டால் வாசம் காக்காவின் கரைக்குப் போய்விடும், அதுவும் பிழையில்லை. ஓரகனோவுக்கு முற்றத்துக் கற்பூரவள்ளி. இரண்டிலும் இருக்கும் மணப்பொருள் கார்வக்ரோல்தான். ஆனால் கற்பூரவள்ளி பலம் கூடியது. ஒரு மீனுக்குப் பாதி இலை, பொடியாக அரிந்து. இரண்டு இலை போட்டால் தடிமனுக்குக் குடிக்கிற கசாயம் மாதிரி மணக்கும்.

கேப்பர்ஸ் கட்டாயமில்லை, இந்தச் சமையலில் பலர் போடுவதே இல்லை. காசை மீனுக்குச் செலவழியுங்கள் அக்கா. போத்தல்களுக்குச் செலவழித்துப் பழைய மீன் வாங்கினால் எந்த நாட்டுச் சமையலும் காப்பாற்றாது.

கல்முனை வடக்கு

உப்புக்குள் புதைத்துச் சுடுகிற முறையை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அதுதான் விருந்துச் சமையல். மீனைச் செதிள் எடுக்காமல், ஒரு கிலோ மீனுக்கு இரண்டு கிலோ கல்லுப்பை முட்டை வெள்ளைக்கருவில் பிசைந்து மூடி, 200 பாகையில் அரை மணித்தியாலம். மேசையில் வைத்து உப்பு ஓட்டைத் தட்டி உடைக்கும்போது எல்லாரும் கைபேசியை எடுப்பார்கள். ஓவன் இல்லையென்றால் பக்கத்து பேக்கரிப் போறணையில் வைத்து எடுக்கலாம். பாண் சுட்டு முடிந்த பிறகு சூடு இருக்கும். பெருநாளுக்கு எங்கள் பக்கம் தட்டம் கொண்டுபோய்ச் சுட்டு வாங்குகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பொத்துவில் அடுப்படி

நல்ல சமையல், மறுக்கவில்லை. செதிள் இருப்பதால்தான் உப்பு உள்ளே இறங்காது, சதை தன் ஆவியிலேயே வேகும். ஆனால் மூடிவிட்டால் உள்ளே வெந்ததா இல்லையா என்று பார்க்க முடியாது. நெருப்பு பேக்கரிக்காரர் கையில். போறணை ஒரு மூலையில் ஒரு சூடு, மறு மூலையில் வேறு சூடு. வீட்டுக்குக் கொண்டுவரும் நேரத்திலும் மீன் உப்புக்குள் வெந்துகொண்டே இருக்கும். முதல்தடவை செய்கிறவருக்கு, அதுவும் விருந்தாளி மேசையில் இருக்கும்போது, நான் சொல்ல மாட்டேன். செய்ய ஆசை என்றால் கம்பி ஒன்றை ஓட்டினூடாகக் குத்தி, சில வினாடி விட்டு எடுத்துக் கீழ் உதட்டில் வைத்துப் பாருங்கள். நல்ல சூடாக இருந்தால் வெந்துவிட்டது.

சாய்ந்தமருது மருமகள்

நிறையச் சமையல் குறிப்பில் வெள்ளை வைன் ஒரு கோப்பை என்று எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? எங்கள் வீட்டில் ஆகாது.

காத்தநகர் காக்கா

விட்டுவிடுங்கள் மகள். மற்றக் கரையில் இத்தனை நூறு வருடமாக அது இல்லாமல்தானே சமைக்கிறார்கள். தென்னை வினாகிரி ஒரு தேக்கரண்டியைத் தண்ணீரில் கலந்து விட்டால் புளிப்புச் சரியாகிவிடும்.

உங்களுக்கு இன்னொரு வழி சொல்கிறேன், மொரோக்கோ செர்மூலா. மல்லியிலை, உள்ளி, சீரகம், உறைப்பில்லாத சிவப்பு மிளகாய்த் தூள், எண்ணெய், அதோடு உப்பில் ஊறிய எலுமிச்சைத் தோல். அந்த எலுமிச்சைக்கு அவர்கள் தனியாகப் போத்தல் போட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். எங்கள் வீடுகளில் உப்புப் போட்டு வெயிலில் வைத்த தேசிக்காய் ஊறுகாய் எப்போதும் இருக்கிறது, தூள் சேர்க்காதது. உப்பைக் கழுவி, சதையைச் சுரண்டி எறிந்துவிட்டுத் தோலை மட்டும் பொடியாக அரியுங்கள். அறக்குளாத் துண்டில் பூசி ஒரு மணித்தியாலம் வைத்து, வாழையிலையில் சுற்றித் தட்டைச் சட்டியில் மூடி வேகவையுங்கள். இலையை நெருப்பில் காட்டி எடுத்தால் வெடிக்காது. அலுமினியத் தாளில் நேராகச் சுற்றாதீர்கள், புளிப்பு அதிலும் பிடிக்கும்.

கல்முனை வடக்கு

கொடுவா, கலவா என்று பெரிய மீனையே பேசிக்கொண்டிருக்கிறோம். சந்தையில் நகரை மீனைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. மத்தியதரைக் கடலில் விலைகூடிய மீன்களில் ஒன்று அதே குடும்பத்துச் சிவப்பு மீன். லிவோர்னோ ஊரில் தக்காளி, உள்ளியோடு பத்தே நிமிடத்தில் செய்து முடிப்பார்கள். சூடை மீனும் அப்படித்தான். சிசிலியில் சூடையை நடுமுள் எடுத்து விரித்து, வறுத்த பாண் தூள், உலர்ந்த முந்திரிகை, கொட்டை வைத்துச் சுருட்டி அடுக்கிச் சுடுகிறார்கள். பார்த்தால் நகைப்பெட்டி மாதிரி இருக்கும்.

பாலமீன்மடுத் தோணி

நகரைக்கு முள் கூட. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். பெரியவர்களுக்கு என்றால் நீர் சொல்வது சரி. எங்கள் வீட்டில் விற்க மிஞ்சுகிற நகரையைத்தான் முதலில் சாப்பிட்டு முடிப்போம்.

வாவிக்கரை, கல்லடி

எல்லோருக்கும் நன்றி. ஆக்குவா பாத்சாதான் செய்கிறேன் என்று முடிவு. கடைசியாக ஒரு சந்தேகம், பொத்துவில் தம்பிக்கு. முழு மீனை மேசையில் எப்படிப் பங்கிடுவது? கையால் பிய்த்துப் போட்டால் தலையும் வாலுமாகக் கொண்டுவந்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். பிள்ளைகள் தட்டில் முள் வரவும் கூடாது.

பொத்துவில் அடுப்படி

இரண்டு கரண்டி போதும் அக்கா, கத்தி வேண்டாம். மீனின் பக்கத்தில் செவுளில் இருந்து வால் வரை நடுவே ஒரு கோடு ஓடும். சாப்பாட்டுக் கரண்டியின் விளிம்பால் அந்தக் கோட்டை எலும்பு தட்டும் வரை மெல்லக் கீறுங்கள். தலைக்குப் பின்னாலும் வாலுக்கு முன்னாலும் குறுக்கே ஒரு வெட்டு. இப்போது நடுக்கோட்டில் இருந்து முதுகுப் பக்கம் நோக்கிக் கரண்டியைச் சாய்த்துத் தள்ளினால் மேல் சதை ஒரே துண்டாகக் கழன்று வரும். வயிற்றுப் பக்கத்தையும் அப்படியே எதிர்ப்புறம் தள்ளுங்கள், அதில் விலா முள் இருக்கும், அதைப் பெரியவர்களுக்கு வையுங்கள். பிள்ளைகளுக்கு முதுகுத் துண்டு.

மேல் பக்கம் முடிந்ததும் வாலைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். நடுமுள் ஏணி மாதிரித் தலையோடு சேர்ந்து எழும்பி வரும், கீழ்ச் சதை தட்டிலேயே கிடக்கும். முள் சதையை விடாமல் இழுத்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், சாற்றோடு இரண்டு நிமிடம் வையுங்கள். கன்னச் சதை இரண்டையும் கரண்டி நுனியால் எடுத்து வீட்டில் மூத்தவருக்கு வையுங்கள், அதுதான் மீனிலேயே நல்ல இடம்.

சாற்றைத் தனிக் கோப்பையில் கொண்டுபோய் ஒவ்வொரு துண்டுக்கும் மேலாக ஊற்றலாம். பிரான்சின் மார்செய் நகரத்தில் பூயபேஸ் என்ற மீன் சூப் செய்கிற உணவகக்காரர்கள் 1980இல் ஒன்றுகூடித் தங்கள் சமையலுக்கு ஒரு சாசனமே எழுதினார்கள். அதிலும் மீன் வேறாக, சாறு வேறாகத்தான் மேசைக்கு வர வேண்டும். பழக்கமில்லாத விருந்தாளிக்கு அது வசதி, முள் சாற்றுக்குள் ஒளிந்திருக்காது.

வாவிக்கரை, கல்லடி

சமைத்தாயிற்று. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் கொடுவா ஒன்றுதான் நல்ல அளவில் கிடைத்தது, இரண்டாவதுக்கு விளை மீன் எடுத்தேன். கொடுவா நொன்ஸ்டிக்கில், விளை மண்சட்டியில். சாறு கொதிக்கத் தொடங்கிய முதல் நிமிடம் எண்ணெய் வட்டம் வட்டமாக மேலே நின்றது. நெருப்பை முழுக்கக் கூட்டினேன். குமிழி சின்னச் சின்னதாகி, பால் கலந்ததுபோல நிறம் மாறியது. மண்சட்டியில் அந்த மாற்றம் வர நேரம் எடுத்தது, ஆனால் கடைசியில் அதன் சாறுதான் கட்டியாக, நன்றாக இருந்தது. முதுகுச் செட்டை சொன்னபடியே கையோடு வந்தது.

மாமி அடுப்படிக்குள் வந்து பார்த்துவிட்டு "இதென்ன நோயாளிச் சாப்பாடு" என்றார். அவருக்கென்று தனிக் கோப்பையில் மிளகும் ஒரு பச்சைக் கொச்சிக்காயும் கீறிப் போட்டேன். பேக்கரியில் சூடாக வாங்கிய றோஸ் பாணைக் கிழித்து அந்தச் சாற்றில் தோய்த்து, அவர்தான் கடைசி வரை மேசையை விட்டு எழும்பவில்லை. கன்னச் சதையும் அவருக்குத்தான். சின்னவன் முள் ஏணி மாதிரித் தூக்கியதைப் பார்த்து மற்ற மீனுக்கும் அதைத் தானே செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தான், விட்டேன். அண்ணி விளை மீன்தான் கூட ருசி என்கிறார், அண்ணன் கொடுவா என்கிறார்.

பார்ஸ்லி கிடைக்கவில்லை. செலரி இலையும் கற்பூரவள்ளிப் பாதி இலையும். ஒலிவ் எண்ணெய் கால் லீற்றரில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

ஊறணியான்

சரி, தோல்வியை ஒத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் போல. மிளகும் கொச்சிக்காயும் போட்ட கோப்பைதானே முதலில் காலியானது? என் வாதம் அப்படியே நிற்கிறது. அது இருக்கட்டும், மிஞ்சிய சாற்றை என்ன செய்தீர்கள்?

வாவிக்கரை, கல்லடி

ஒரு கோப்பை மிஞ்சியது அண்ணன், குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. பசை மாதிரி உறைந்துபோய்விட்டது. கெட்டுவிட்டதா?

பொத்துவில் அடுப்படி

கெடவில்லை, நன்றாக வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். எலும்புப் பசை உறைந்திருக்கிறது, சூடாக்கினால் இளகும். வடிகட்டி முள் பாருங்கள். நாளைக்குள் முடியுங்கள், அதற்கு மேல் வைக்க வேண்டாம். ஸ்பகட்டியை முக்கால் பதத்தில் வடித்து, அந்தச் சாற்றில் போட்டுக் கடைசி இரண்டு நிமிடம் கொதிக்க வையுங்கள். நாலு இறால் கிடைத்தால் அதன் தலையை முதலில் எண்ணெயில் நசுக்கி வதக்கிவிட்டுச் சாற்றை ஊற்றுங்கள்.

காத்தநகர் காக்கா

தங்கச்சி, அண்ணி திரும்பிப் போவதற்கு இன்னும் நாள் இருந்தால் எள்ளை ஊறப்போடுங்கள். தோல் நீக்காத எள்ளுத்தான் கிடைத்தது என்றால் நாலு மணித்தியாலம் ஊறவைத்து, சாக்குத் துணியில் தேய்த்துத் தண்ணீரில் அலசினால் தோல் மிதந்து வரும். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகுதான் வறுக்க வேண்டும்.